பழைய கேம்பர் வேனுக்கு எந்த வேகம் சுகம்? ஆர்.பி.எம். கணக்கு முதல் சாலைச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

பழைய கேம்பர் வேன் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "டாப் கியரில் எவ்வளவு வேகத்தில் போகலாம்?" என்றுதான். யாராவது 90 என்பார், இன்னொருவர் 100 என்பார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கியர்பாக்ஸ், டயர், இன்ஜினின் உடல்நிலை, ஏற்றியிருக்கும் பாரம் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டிக்கான வேகத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது கடினமில்லை, ஆனால் வரிசை முக்கியம். புதியவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியான சாலைச் சோதனையில் ஆரம்பித்துவிடுகிறார்கள். வண்டி சூடாகிறது, ஏன் என்று தெரியவில்லை, சந்தேகம் எல்லாவற்றின் மேலும் விழுகிறது.

இங்கே எடுத்துக்காட்டுக்கு வைத்திருப்பது ஃபோக்ஸ்வாகன் டி2. வளைந்த ஒற்றைக் கண்ணாடி முகம், பின்னால் 1,584 சிசி ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) இன்ஜின், 50 குதிரைத்திறன், நான்கு கியர். எண்கள் இந்த வண்டிக்கானவை. வழிமுறை எந்தப் பழைய வேனுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, சாக்பீஸ், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க நான்கு கட்டைகள், ஸ்பார்க் பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), டைமிங் லைட் (ஸ்பார்க் எப்போது விழுகிறது என்று காட்டும் விளக்கு), ஜி.பி.எஸ். உள்ள போன். இவற்றோடு மூன்று மீட்டர்கள்: டாக்கோமீட்டர் (ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது), ஆயில் வெப்பநிலை மீட்டர், சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) வெப்பநிலை மீட்டர். காசு கொஞ்சம்தான் என்றால் ஆயில் வெப்பநிலை மீட்டரை முதலில் வாங்குங்கள். ஆர்.பி.எம். எவ்வளவு என்று கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம், வெப்பத்தை அப்படித் தெரிந்துகொள்ள வழியில்லை.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். நான்காம் படியையும் ஒன்பதாம் படியையும் தனியாகச் செய்யாதீர்கள்.

2. அளப்பதற்கு முன் இன்ஜினைச் சரிசெய்யுங்கள்

கோளாறுள்ள இன்ஜினில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. 80-இல் ஓடும்போதே ஆயில் கொதிக்கிறதென்றால், அது வேகத்தின் குற்றமா, டைமிங்கின் (ஸ்பார்க் விழும் நேரத்தின்) குற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வால்வ் கிளியரன்ஸ் (மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கைக்கும் உள்ள இடைவெளி): இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ. இடைவெளி இறுகிவிட்டால் வால்வ் சரியாக உட்காராது. வால்வின் சூடு அதன் இருக்கை வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. அந்த வழி அடைபட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகும்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி 0.4 மி.மீ. முதலில் இது, பிறகுதான் டைமிங். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், ஆனால் டைமிங்கை மாற்றுவதால் பாயிண்ட் மாறாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, ஏன் டைமிங் நிற்கமாட்டேன் என்கிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

டைமிங்கை ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மெக்கானிக்கல் அட்வான்ஸ் (சுழற்சி கூடக் கூட ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு) மட்டுமே உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால், 3,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி டைமிங் லைட்டில் பாருங்கள். மொத்த அட்வான்ஸ் 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இன்ஜின் மணிக்கணக்காக ஓடப்போவது அந்தச் சுழற்சியில்தான், ஐட்லிங்கில் அல்ல.

ஆயில் வெறும் 2.5 லிட்டர். இந்த இன்ஜினில் ஃபில்டர் கிடையாது, ஒரு வலைச் சல்லடை மட்டும்தான். அந்த இரண்டரை லிட்டர் மசகாகவும் இருக்கிறது, சூட்டைச் சுமந்து போகும் வேலையையும் பார்க்கிறது. பழைய ஆயிலோடு சோதனைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, எல்லாரும் தவறவிடும் ஒன்று. இன்ஜின் அறையில் இன்ஜினைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையும், சிலிண்டர்களைப் போர்த்திய தகடுகளும் இருக்கும். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று என்று பிரித்து வைப்பது இவைதான். ரப்பர் கிழிந்திருந்தாலோ, முன்பு வேலை பார்த்தவர் ஒரு தகட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தாலோ, கீழே போன சூட்டையே ஃபேன் மறுபடி உறிஞ்சி இன்ஜின்மேல் ஊதும். டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். எங்காவது தரை தெரிந்தால் அந்த ஓட்டையை அடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இன்ஜின் சூடாகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

3. டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது?

டயர் அட்டவணையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பாரத்தில் டயர் அமுங்கும்போது உருளும் தூரம் குறையும்.

காற்றைச் சரியான அளவுக்கு நிரப்புங்கள். இன்ஜினும் சாமான்களும் பின்னால் இருப்பதால், பின்டயருக்கு முன்டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். பயணத்தில் எடுத்துப்போகும் தண்ணீர், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றுங்கள், ஓட்டுநர் உள்ளே உட்காரட்டும். பின்டயரின் கீழ்ப்புள்ளியிலும் அதற்கு நேர் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை மெல்லத் தள்ளி, டயர் ஐந்து சுற்று சுற்றியதும் நிறுத்தி, தரையில் மறுகோடு போடுங்கள். தூரத்தை அளந்து ஐந்தால் வகுத்தால் போதும். ஒரே சுற்றை அளந்தால் கோடு போடுவதில் வரும் சிறு பிசகு பெரிதாகத் தெரியும். ஐந்து சுற்றில் அது கரைந்துவிடும்.

185ஆர்14சி டயருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வரும். எழுத்து சி முக்கியம். அது வேன்களுக்கான பலமான டயர். அளவு பொருந்துகிறதே என்று சாதாரணக் கார் டயரை மாட்டிய வேன் ஓட்டுவதற்கு ஆபத்தானது.

4. டாப் கியர் விகிதத்தைக் கையால் எண்ணுங்கள்

விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. புத்தகத்தில் உங்கள் ஆண்டுக்கான விகிதம் இருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் யாராவது கியர்பாக்ஸையே மாற்றியிருக்கலாம். ஆகவே எண்ணிப் பார்ப்பதே நிச்சயம்.

சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, இந்த வேலைக்கு அதை விட்டாக வேண்டும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதன் பிறகே ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும். சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள். பிளக் இருந்தால் கம்ப்ரஷன் எதிர்க்கும், சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாது. டாப் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள்.

ஒருவர் தூக்கிய சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் கிராங்க் புல்லியின் (இன்ஜினின் சுழல்தண்டு முனையில் உள்ள பெல்ட் சக்கரத்தின்) குறியைப் பார்த்து எண்ண வேண்டும். சக்கரம் 20 சுற்று. அதற்குள் புல்லி எத்தனை சுற்று என்று பார்த்து 10-ஆல் வகுங்கள். ஏன் 20-ஆல் வகுக்கவில்லை? ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) மறு சக்கரத்தை இரு மடங்கு சுற்றவிடும். 20 சுற்று என்பது சாலையில் 10 சுற்றுக்குச் சமம். இந்த இடத்தில் பாதி விகிதத்தை எழுதிக்கொண்டு, "என் வண்டியில் அபூர்வமான கியர்பாக்ஸ் இருக்கிறது" என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1600 இன்ஜின் டி2-வில் பொதுவாக டாப் கியர் 0.82, டிஃபரன்ஷியல் 5.375. பெருக்கினால் 4.41. உங்கள் எண்ணிக்கை 44-ஐ ஒட்டி வந்தால் அசல் கியர்பாக்ஸ். இரண்டு லிட்டர் இன்ஜின் வண்டியில் 0.88, 4.57 என்று இருக்கும். அங்கே 40-ஐ ஒட்டி வரும்.

5. கணக்கு

கி.மீ. வேகத்தை 16.67-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். அதை டயர் தூரத்தால் வகுத்து, மொத்த விகிதத்தால் பெருக்குங்கள். அதுதான் ஆர்.பி.எம்.

4.41 விகிதம், 2 மீட்டர் டயர் என்றால் டாப் கியரில்:

60 கி.மீ. – சுமார் 2,200
80 கி.மீ. – சுமார் 2,940
90 கி.மீ. – சுமார் 3,310
100 கி.மீ. – சுமார் 3,670
110 கி.மீ. – சுமார் 4,040

மூன்றாம் கியருக்கும் போட்டு வையுங்கள், ஏற்றத்தில் அதுதான் கைகொடுக்கும். அந்த கியர் 1.26, டிஃபரன்ஷியலோடு பெருக்கினால் மொத்த விகிதம் 6.77 என்பதால் 60-இல் 3,390, 70-இல் 3,950, 80-இல் 4,500-ஐத் தாண்டும். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள்.

6. மீட்டர்களை மாட்டுவது

டாக்கோமீட்டரின் சிக்னல் வயர் இக்னிஷன் காயிலின் 1 என்று குறித்த முனைக்குப் போக வேண்டும், 15-க்கு அல்ல. 15 என்பது சாவியிலிருந்து வரும் கரண்ட். அங்கே கொடுத்தால் முள் அசையாது. மீட்டரின் பின்னால் சிலிண்டர் எண்ணிக்கைக்கான சுவிட்ச் இருந்தால் 4-இல் வையுங்கள். டீசல் வேனில் காயிலே இல்லை என்பதால் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டும்.

ஹெட் வெப்பநிலைக்கான வளையத்தை மூன்றாம் சிலிண்டரின் பிளக் அடியில் மாட்டுங்கள். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள் அந்தச் சிலிண்டருக்கு முன்னால் நின்று காற்றை மறித்தது. 1970-களின் தொடக்கத்தில் கூலரைத் தள்ளி வைத்து இதைச் சரிசெய்தார்கள் என்றாலும், அளப்பதற்கு இன்றும் அதுவே வழக்கமான இடம்.

மாட்டி முடித்ததும் ஜி.பி.எஸ்.ஸில் சரியாக 80-இல் ஓட்டி, டாக்கோமீட்டரைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் மீட்டர் பிழை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் ஆர்.பி.எம். ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது.

வண்டியின் சொந்த ஸ்பீடாமீட்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அதன் கேபிள் இடது முன்சக்கரத்திலிருந்து வருகிறது. டயர் அளவு மாறியிருந்தால் அதுவும் மாறிக் காட்டும்.

7. கீழ் எல்லையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பழைய வண்டி, பாவம் என்று நினைத்து, 50-இலேயே டாப் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்து மெல்ல ஏற்றத்தில் ஏற்றுவார்கள். சத்தம் குறைவாக இருப்பதால் இன்ஜின் நிம்மதியாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் அது அதிகம் துன்பப்படுகிறது.

ஃபேன் கிராங்கோடு பெல்ட்டால் இணைந்தது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும். ஆனால் ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருப்பதால் ஒவ்வொரு வெடிப்பிலும் சூடு அதிகம். ஆயில் பம்ப்பும் கிராங்கின் வேகத்தைப் பின்பற்றுவதால் ஆயில் அழுத்தமும் இறங்கும். சூடு கூடி, காற்றும் ஆயிலும் குறையும் நிலை இது. இதில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பதால் வரும் தட்டல் சத்தம்) வந்தால் முன்சீட்டில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது, இன்ஜின் அவருக்கு மூன்று மீட்டர் பின்னால் இருக்கிறது.

இந்த இன்ஜினின் அதிகபட்ச இழுவிசை 2,800 ஆர்.பி.எம். வாக்கில். டாப் கியரில் அது 75 கி.மீ.க்குச் சற்று மேல். சமதரையில் மிதமாக அழுத்தி 60-இல் போவது பரவாயில்லை. ஏற்றத்தில் 2,500-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வண்டி வேகமெடுக்க வேண்டும். அழுத்தியும் ஒன்றும் நடக்காமல், பின்னாலிருந்து ஒரு கனத்த அதிர்வு மட்டும் தரை வழியாகக் காலுக்கு வந்தால் கியர் தவறு.

8. மேல் எல்லை

50 குதிரைத்திறனும் கிடைப்பது 4,000 ஆர்.பி.எம்.மில். மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் டாப் கியரில் அது 110 கி.மீ. அந்த வேகம் முடியாததல்ல, ஆனால் இன்ஜினில் கைவசம் எதுவும் மிஞ்சாது. எதிர்க்காற்றோ சின்ன மேடோ வந்தால் வேகம் விழும்.

வேனின் முகம் சுவர் மாதிரி நேராகக் காற்றில் மோதுகிறது. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 80-இலிருந்து 100-க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு சக்தி வேண்டும். 90-இலிருந்து 100-க்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஆர்.பி.எம். கூடுவதோ பத்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான். இன்ஜினைக் கொதிக்கவைப்பது சுழற்சியைவிட அதிகமாக இந்தச் சுமைதான். ஆகவே டாக்கோமீட்டரை மட்டும் பார்த்து "3,700 தானே" என்று திருப்திப்பட வேண்டாம்.

பிரேக்கும் உண்டு. 80-ஐவிட 100-இல் பிரேக் பிடித்து நிற்க ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 1970-க்கு முந்தைய டி2-வில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். அந்த வண்டிகளுக்கு மேல் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியது இன்ஜின் அல்ல, பிரேக்.

9. சாலைச் சோதனை

காற்று அடங்கிய நாள், நீண்ட சமதரைச் சாலை, பயணத்தின் முழுப் பாரம். பாரமில்லாமல் சோதித்துவிட்டு, குடும்பத்தோடு கிளம்பும் நாளில் வேறு எண்ணைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் உண்டு. ஓட்டுபவர் மீட்டரைக் குறிக்கக் கூடாது, அது உதவியாளரின் வேலை.

முதலில் அரை மணி நேரம் சாதாரணமாக ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு 75, 80, 85, 90, 95 என்று ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் குறைந்தது 15 நிமிடம். ஹெட் வெப்பநிலை ஓரிரு நிமிடங்களில் நிலைக்கு வந்துவிடும், ஆயில் மெதுவாகத்தான் ஏறும். ஐந்து நிமிடத்தில் "100-இலும் நன்றாக இருக்கிறது" என்று முடிவெடுப்பதுதான் இந்தப் படியின் பெரிய தவறு. அப்போது ஆயில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு வேகத்திலும் குறிக்க வேண்டியவை: ஆர்.பி.எம்., ஆயில், ஹெட், வெளி வெப்பநிலை, ஆக்சிலரேட்டர் பெடலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது. அதே சாலையில் திரும்பி வரும்போதும் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவும் லேசான காற்றும் ஒரு பக்கம் நல்ல எண்ணாகவும் மறுபக்கம் கெட்ட எண்ணாகவும் காட்டும்.

முடிவு இப்படி. ஆயில் 110 டிகிரி செல்சியஸுக்குள் நின்று மேலே ஏறாமல் இருக்க வேண்டும். 120-ஐத் தொட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ஹெட் 200-ஐச் சுற்றி இருக்கலாம், 230-இல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பெடலில் கால் பங்காவது மிச்சம் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக நிறைவேறும் மிக உயர்ந்த வேகத்திலிருந்து 5 கி.மீ. கழியுங்கள். அதுதான் உங்கள் பயண வேகம். நன்றாக இருக்கும் 1600 வண்டியில் பெரும்பாலும் அது 85-க்கும் 95-க்கும் இடையில் விழும்.

டைமிங் சரி, தகடுகள் சரி, ஆனாலும் 80-இலேயே ஹெட் மட்டும் கொதிக்கிறதென்றால் பெட்ரோல் கலவையைச் சந்தேகியுங்கள். இன்டேக் குழாயின் கேஸ்கெட்டில் காற்று உள்ளே இழுத்தாலும், கார்புரேட்டரின் மெயின் ஜெட் சிறிதாக இருந்தாலும், பெட்ரோல் குறைந்து சூடு ஏறும்.

10. ஏற்றமும் இறக்கமும்

ஏற்றம் கண்ணில் பட்டதுமே தயாராகுங்கள். வேகம் 70-க்கு இறங்கும்போதே மூன்றாம் கியருக்கு மாறினால் இன்ஜின் 3,950-இல் பிடித்துக்கொள்ளும், ஃபேனும் வேகமாக ஊதும். 50 வரை இறங்கவிட்டு மாற்றினால் பின்னால் வருபவருக்கும் தொல்லை, வண்டிக்கும் தொல்லை. மூன்றாம் கியரில் 60 முதல் 65 வரை பிடித்து, பெடலை முழுக்க அழுத்தாமல் ஏறுங்கள். சத்தம் அதிகமாக இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆனால் 90-இல் வந்துகொண்டே மூன்றுக்குத் தட்டிவிடாதீர்கள், இன்ஜின் 5,000-ஐத் தாண்டிவிடும். பிரேக்கால் 65-க்குக் கொண்டுவந்த பிறகு கியரை மாற்றுங்கள். நியூட்ரலில் இறங்குவது வேண்டவே வேண்டாம்.

நீண்ட ஏற்றத்தின் உச்சியில் நிறுத்த வேண்டியிருந்தால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். அணைத்த கணத்தில் ஃபேன் நின்றுவிடுகிறது, ஹெட்டில் இருக்கும் சூடு போக வழியில்லை.

11. ஆர்.பி.எம்.மைக் குறைக்கப் பெரிய டயர் போடலாமா?

அடிக்கடி வரும் யோசனை. பெரிய டயரோ, உயரமான (விகித எண் சிறியதான) டாப் கியரோ போட்டால் 100-இல் ஆர்.பி.எம். குறையும், உண்மைதான். ஆனால் காற்றின் எதிர்ப்பு குறைவதில்லை. அதே சக்தியைக் குறைந்த சுழற்சியில் எடுக்க ஆக்சிலரேட்டரை இன்னும் திறக்க வேண்டும், ஃபேனோ மெதுவாகச் சுற்றும். ஏழாம் படியில் சொன்ன நிலைமையை நெடுஞ்சாலைக்கே கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு லிட்டர் வண்டிக்கு ஃபோக்ஸ்வாகன் உயரமான கியர் கொடுத்தது, அதை இழுக்க 70 குதிரைத்திறன் இருந்ததால்தான். இன்ஜினின் பலத்தைக் கூட்டாமல் கியரை மட்டும் மாற்றாதீர்கள்.

கூரைமேல் பெட்டி வைத்தாலோ, சைக்கிள்கள் கட்டினாலோ, டயர் மாற்றினாலோ, கோடைக்காலம் தொடங்கினாலோ ஒன்பதாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள். டயர் மாறியிருந்தால் மூன்றும் ஐந்தும்கூட. பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய எண்களை ஒட்டுங்கள்.